பெயரும் பேராண்டியும்

1

ஒரு குழுவிலிருந்து பாடகன் தனியே வந்து இசைத்தட்டு வெளியிடும்போது அதை நாம் வழக்கமாக இரண்டு விதமாகத்தான் பார்க்கிறோம். கூட்டத்தின் இரைச்சலிலிருந்து தன் குரலை மீட்டுக்கொண்ட கலைஞன் என்று ஒரு பார்வை. பலர் சேர்ந்து உண்டாக்கியதைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன் என்று இன்னொரு பார்வை. மேற்கத்திய ராக் இசையின் சரித்திரம் இந்த இரண்டுக்கும் வேண்டிய உதாரணங்களைத் தாராளமாகவே தந்திருக்கிறது. ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் பாடகர்களில் ஒருவரான அறிவு 2019 முதல் 2024 வரை தனித்தும் பிறரோடு சேர்ந்தும் பதிவு செய்த பாடல்கள் இந்த இரண்டு பார்வைகளிலும் அடங்காதவை என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்ல அந்தப் பாடல்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏழெட்டு வருஷத்துச் சரித்திரம்தான். ஆனால் அதன் வேர் நூறு வருஷங்களுக்கு அப்பால் போகிறது.

முதலில் மேற்கு. 1973ல் ‘கேட்ச் எ ஃபயர்’ வெளிவந்தபோது அது வெய்லர்ஸ் என்ற குழுவின் தட்டு. பாப் மார்லி, பீட்டர் டாஷ், பன்னி வெய்லர் மூவரும் அதில் சமமாக நின்றார்கள். 1974ல் மற்ற இருவரும் விலகிய பின் வந்த ‘நாட்டி டிரெட்’டின் அட்டையில் ‘பாப் மார்லியும் வெய்லர்ஸும்’ என்று இருந்தது. ஒரு ‘உம்’ சேர்ந்ததில் மூவர் குழு, ஒருவனும் அவனுக்குப் பின்னால் நிற்பவர்களும் என்றாகிவிட்டது. ஃப்ரெடி மெர்க்குரியின் கதை வேறு மாதிரி. ஸான்ஸிபாரில் பிறந்து, பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்து, அங்கேயே முதல் வாத்தியக் குழுவில் சேர்ந்த பார்ஸி இளைஞன் அவர். 1985ல் குயீன் குழுவுக்கு வெளியே ‘மிஸ்டர் பேட் கய்’ என்று தனித்தட்டு ஒன்றைப் போட்டார். 1991ல் இறந்துபோனார். 1995ல் குழுவில் எஞ்சிய மூவரும் அந்தத் தனித்தட்டிலிருந்து இரண்டு பாடல்களை எடுத்து, தங்கள் வாத்தியங்களைச் சேர்த்து, குழுவின் தட்டில் வெளியிட்டார்கள். தனியே போன குரலைக் குழு திரும்ப அழைத்துக்கொண்டது.

இரண்டு கதைகளிலும் பெயர் என்பது ஏற்கெனவே கையிலிருக்கும் ஒரு சொத்து. அதை யார் பங்கில் எழுதுவது என்பது மட்டுமே தகராறு. தலைமுறை தலைமுறையாகப் பெயர் எழுதப்படாமலே இருந்தவர்கள் பெயர் எழுதத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கே மெர்க்குரிக்கு எழவில்லை. மார்லிக்கு எழுந்தது. ஆனால் அதற்கு அவர் தேடிய விடை ஆப்பிரிக்காவில் இருந்தது, அட்டையில் இல்லை.

2

2018 ஜனவரி 6ந் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. மேடையில் பத்தொன்பது பேர். எல்லோரும் ஒரே மாதிரி கோட்டும் சூட்டும் அணிந்திருந்தார்கள். அம்பேத்கரின் உடை அது. மின்சார கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் பறை, சட்டி, கட்ட மோளம், டோலக். சாவு வீட்டில் வாசிக்கிறவை என்று ஒதுக்கப்பட்ட வாத்தியங்கள் மார்கழி மாதத்துச் சென்னையில், சபாக்கள் நடந்துகொண்டிருந்த அதே வாரங்களில், ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் மேடையேறின. 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ என்று தனி விழாவே தொடங்கியது இதன் தொடர்ச்சிதான்.

இசை என்ற அளவில் இந்தக் குழு செய்தது என்ன? கானா என்பது வடசென்னையில் சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடப்படுவது. பாடுகிறவன் முன்னால் ஒரு பிணம் கிடக்கிறது. பாட்டு அந்த மனிதனைப் பற்றியதாக இருந்தும், கேட்கிற எல்லோரையும் பற்றியதாக இருக்க வேண்டும். 90களில் தேவாவின் இசை வழியாகக் கானா சினிமாவுக்குள் வந்தபோது பிணம் காணாமல் போயிற்று. கேலி மிஞ்சியது. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் கானாவை அதன் பழைய இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோகவில்லை, கொண்டுபோகவும் முடியாது. ஆனால் அந்தக் கேலிக்கு அடியில் இருந்த துக்கத்தைக் கோபமாக்கி, ராக்கின் தாளக்கட்டில் நிறுத்தியது. ‘கோட்டா’, ‘ஜெய் பீம் ஆந்தம்’ போன்றவை அப்படி வந்த பாடல்கள். அவற்றை ஒரு ஆள் பாடினான் என்று சொல்வதே பொருந்தாது. ராப்பின் அவசரமும் கானாவின் இழுப்பும் ஒன்றையொன்று இடைமறித்துக்கொண்டே போகின்றன. ஒரு குரல் மூச்சு விடும் இடத்தில் இன்னொன்று புகுந்துகொள்கிறது. அந்த ஒழுங்கின்மையில்தான் அவற்றின் பலம்.

குழுவின் பெயர், ‘சாதி பேதமற்ற’ தமிழர் என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொற்சேர்க்கையிலிருந்து வந்தது. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பண்டிதருடைய இயற்பெயர் காத்தவராயன். அயோத்திதாசர் என்பது அவருடைய ஆசிரியரின் பெயர். குருவின் பெயரைத் தன் பெயராகச் சூடிக்கொண்டார். 1907ல் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கி, 1914ல் சாகும் வரை நடத்தினார். அந்த எழுத்துக்கள் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பெரிய தொகுதிகளாக வர 1999 ஆயிற்று. எண்பத்தைந்து வருஷம். இந்த எண்பத்தைந்து வருஷத்தில் தமிழ் உரைநடை வளர்ச்சி பற்றி எத்தனை புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கும்? பாரதியின் காலத்தில், பாரதி இருந்த அதே பட்டணத்தில், வாரா வாரம் எழுதிக்கொண்டிருந்த ஒருவரின் பெயர் அவற்றில் எத்தனையில் இருக்கும்?

அயோத்திதாசர் எழுதி வைத்த ஒரு செய்தி உண்டு. வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன் கொடுத்த ஏட்டுப் பிரதியின் வழியாகத்தான் திருக்குறள் எல்லிஸ் துரையிடம் போய்ச் சேர்ந்து அச்சேறியது என்பது அது. திருக்குறள் முதன்முதலாக அச்சானது 1812ல். கந்தப்பன் என்ற பெயரை அச்சில் ஏற்ற, அதற்கப்புறம் சுமார் நூறு வருஷம் கழித்து, ஒரு பைசாப் பத்திரிகை நடத்திய பேரன் வர வேண்டியிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

3

அறிவு அரக்கோணத்துக்காரர். திருவள்ளூர் தாண்டினால் அரக்கோணம். இந்த வட்டாரத்து ஆட்களுக்கு அது ரயில் மாறும் இடம் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் இருந்ததில்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் தொடங்கிய அதே 2018ல் ‘காலா’ படத்தில் அவர் எழுதிய ‘உரிமையை மீட்போம்’ வந்தது. 2019ல், ஆஃப்ரோ என்ற இசைக் கலைஞரோடு சேர்ந்து, ‘தெருக்குரல்’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். குழுவுக்கு வெளியே அவருடைய முதல் தொகுப்பு இதுதான்.

தெருக்குரல் என்ற தலைப்பில் திருக்குறள் ஒலிக்கிறது. சாதாரணச் சிலேடை போலத்தான் தெரியும். கந்தப்பன் கதை தெரிந்தவர்களுக்கு அது சிலேடையோடு நிற்காது. ‘ஆன்டி இந்தியன்’ என்ற பாட்டு இந்தத் தொகுப்பில்தான் இருக்கிறது. வசையாக எறியப்பட்ட ஒரு சொல்லைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கிற பாட்டு. குழுவின் பாடல்களோடு ஒப்பிட்டால் வாத்தியங்கள் குறைவு. தாளம் இறுக்கம். இடைமறிக்க இன்னொரு குரல் இல்லாததால் சொல்லின் மேல் பாரம் முழுவதும் ஏறுகிறது. குழுவில் கோபம் ஒரு சூழ்நிலையாக இருந்தது. இங்கே அது ஒரு வாதமாகிறது. வாதம் என்றால் கேட்பவன் எதிர்வாதம் செய்யலாம். மேடையில் பத்தொன்பது பேர் எழுப்புகிற சத்தத்தோடு யாரும் வாதிட முடியாது. தனிப்பாட்டால் முதலில் கிடைத்த லாபம் இது என்று சொல்வேன். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது எழுந்த ‘சண்ட செய்வோம்’ பாட்டிலும் இந்த வாதத் தன்மை உண்டு.

சினிமாவுக்கு அவர் எழுதியவற்றில் எனக்கு இவ்வளவு மரியாதை இல்லை. 2021ல் ‘மாஸ்டர்’ படத்தில் வந்த ‘வாத்தி ரெய்டு’ தாளத்தில் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் அதே கோபம் ஒரு கதாநாயகனின் வருகையை அறிவிக்கும் கட்டியமாகச் சுருங்கிவிடுகிறது. சினிமாவில் யாருடைய குரலும் இன்னொருவருடைய வாயில்தான் போய்ச் சேரும். இது அந்த ஸ்தாபனத்தின் இயல்பு. ஒரு கவிஞனைக் குறை சொல்லி ஆவதற்கில்லை. ஆனால் விமர்சகன் சொல்லாமல் விடவும் கூடாது.

4

2021 மார்ச் 7ந் தேதி ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளிவந்தது. பாடகி தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு. ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட மாஜா என்ற தளம் வெளியிட்டது. யூடியூபில் நாற்பது கோடித் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. ஆரம்பாக்கத்தில், ஆந்திர எல்லையில், பாதித் தெலுங்கும் பாதித் தமிழும் பேசுகிற இந்த நெடுஞ்சாலை ஊரில் டீக்கடையிலும் ஷேர் ஆட்டோவிலும் அது மாதக்கணக்கில் ஒலித்தது. சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த ஒரிய, பீஹாரி இளைஞர்களும் சொல் தெரியாமல் அதை முணுமுணுத்தார்கள்.

பாட்டின் தலைப்பில் தீயின் பெயர் முதலில் இருந்தது. அப்புறம் ‘ஃபீச்சரிங்’ என்பதன் சுருக்கமாக இரண்டு எழுத்து. அப்புறம் அறிவு. இந்த இரண்டு எழுத்துக்குத் தமிழில் சரியான சொல் இல்லை. ‘உடன்’ என்றால் சமமாகிவிடும். ‘துணை’ என்றால் கீழே போய்விடும். முக்கியமானவர் ஒருவர், அவருடைய வீட்டில் இன்று இவரும் தலைகாட்டுகிறார் என்பது அதன் தொனி. இது சந்தை முழுக்கப் புழங்குகிற மரபு, இந்தப் பாட்டுக்காக யாரும் கண்டுபிடித்ததல்ல. ஆனாலும் அடுத்து நடந்தவை அந்த இரண்டு எழுத்திலிருந்தே கிளைத்தன என்று தோன்றுகிறது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ பத்திரிகையின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அங்கே கொண்டாடப்பட்ட ‘எஞ்சாய் எஞ்சாமி’, ‘நீயே ஒளி’ இரண்டிலும் பாட்டெழுதிய அறிவின் படம் இல்லை. பா. ரஞ்சித் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பின்னால் அறிவின் படத்தோடு ஒரு மின்பதிப்பு அட்டை வந்தது. 2022 ஜூலை 28ந் தேதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டைத் தீயும் நாட்டுப்புறப் பாடகி கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது அமெரிக்காவில் இருந்தார். சில நாட்களில் அவர் ஒரு அறிக்கை வெளியிட்டார். மெட்டோ சொல்லோ யாரும் தனக்குத் தரவில்லை, ஆறு மாத உழைப்பு அது என்றார். சந்தோஷ் நாராயணன் தன் அறிக்கையில், தான் இசையமைத்தது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார். 2024 மார்ச்சில் அவரே, அந்தப் பாட்டிலிருந்து தங்கள் மூவருக்கும் ஒரு பைசாவும் வரவில்லை என்று சொன்னார். ஆக, சண்டை போட்டவர்கள் பங்கு பிரிக்கச் சண்டை போட்ட சொத்தே, அவர் சொன்னபடி பார்த்தால், கைக்கு வந்து சேரவில்லை.

மெட்டு யாருடையது என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்பது அங்கே இருந்தவர்களுக்கே பாதிதான் தெரியும். ஒப்பாரியின் நடையும் வயல்வேலைப் பாட்டின் தொனியும் உள்ளே இருக்கும்போது ‘மெட்டு என்னுடையது’ என்று யார் சொன்னாலும் அந்தச் சொல் பாதி வழியில் தடுக்கும். என் கவனம் வேறு இடத்தில். பெயர் பாட்டுக்கு வெளியே எங்கே எழுதப்பட்டது என்பதைப் பற்றி எல்லோரும் பேசினோம். பாட்டுக்குள் அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

பாடுகிறவன் தன் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைப்பது நமக்குப் பழைய வழக்கம். சம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தின் கடைசிப் பாட்டிலும் தன் பெயரைச் சொல்கிறார். அதற்குத் திருக்கடைக்காப்பு என்று பெயர். காப்பு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெயர் பாட்டைக் காக்கிறதா, பாட்டு பெயரைக் காக்கிறதா? கீர்த்தனைகளில் அது முத்திரை ஆயிற்று. 1902ல் கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனிக்காரர்கள் கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, தட்டின் முடிவில் அவர் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். ஜெர்மனியில் தட்டு அச்சடிக்கிறவர்களுக்கு அது யார் பாட்டு என்று தெரிய வேண்டும் என்ற தொழில் காரணம் அதற்கு. ஆனால் இன்று அந்தத் தட்டைக் கேட்டால் அது வெறும் தொழில் காரணமாகக் கேட்கவில்லை. தவாயிஃப் மரபில் வந்த ஒரு பெண் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்வதாகக் கேட்கிறது. ராப் பாடகர்கள் பாட்டின் நடுவே தங்கள் பெயரை முழங்குவதும் இந்த வம்சம்தான்.

எஞ்சாமிக்குள்ளும் ஒரு முத்திரை இருக்கிறது. அறிவு என்ற பெயர் அங்கே வரவில்லை. ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று வருகிறது. அட்டையிலிருந்து ஒரு படத்தை எடுத்துவிடலாம். மேடைக்கு வேறு ஒருவரை ஏற்றலாம். யார் பாடினாலும் இந்த விளியைத் தாண்டித்தான் பாட்டு நகர வேண்டும். கிடாக்குழி மாரியம்மாள் என்ற பெயரிலும் ஊர்தான் தலைப்பெழுத்தாக முன்னால் நிற்கிறது. அவரை வெறும் மாற்று ஆள் என்று பேசியவர்கள் அவருக்கும் நியாயம் செய்யவில்லை.

5

யார் இந்த வள்ளியம்மாள்? அறிவின் பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். பாட்டின் படப்பதிவில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

1948ல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்து, 1974ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் மனிதர்களைக் கணக்கில் தீர்த்த விதம் இது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கிருந்து எங்கெங்கோ. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்து, அதே கூடை. காடு திருத்தியவர்களுக்கு அங்கேயும் நிலமில்லை, இங்கேயும் நிலமில்லை என்பதை எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நடனப் பாட்டு சொன்னது.

இந்த ஊரிலிருந்து தெற்கே சில மைலில் கும்மிடிப்பூண்டி முகாம் இருக்கிறது. யுத்தத்துக்குத் தப்பி வந்தவர்களின் முகாம். தமிழ்நாட்டின் இத்தகைய முகாம்களில் மலையகத் தமிழரும் கணிசமாக உண்டு. 2021ல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. பெயர் மாற்றம் சின்ன விஷயமல்ல என்று இந்தக் கட்டுரையில் வாதிக்கிற நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். ஆனால் அந்தப் பெயர் உள்ளே இருக்கிறவர்கள் தாங்களே இட்டுக்கொண்டதில்லை.

வங்கி மேஜையில் உட்காருகிறவனுக்கு இது தினசரி விவகாரம். எழுதத் தெரியாதவர் பணம் எடுக்க வந்தால் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைக்கிறார். ரேகையைப் போல அவருக்கே சொந்தமான அடையாளம் வேறு இல்லை. ஆனால் அதன் பக்கத்தில், இது இன்னாருடைய இடது கைப் பெருவிரல் ரேகை என்று இன்னொருவர் எழுதினால்தான் அது செல்லும். ரேகை அவருடையது, பெயர் எழுதும் கை வேறொருவருடையது. தோட்டக் கூலிகளின் பாட்டுக்கும், வடசென்னைச் சாவு வீட்டுக் கானாவுக்கும், நம் கிராமத்துக் கிழவிகளின் ஒப்பாரிக்கும் இது வரை நடந்தது இதுதான். ரேகையாக அவை எங்கும் பதிந்திருக்கின்றன. பக்கத்தில் பெயர் எழுதியவர்கள் தொகுப்பாசிரியர்கள், இசையமைப்பாளர்கள், பேராசிரியர்கள். அவர்களில் பெரும்பாலோர் ‘நாட்டார்’ என்று மட்டும் எழுதினார்கள்.

2024ல் அறிவின் தனி ஆல்பம் வந்தது. அதன் தலைப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’. பாட்டுக்குள் முத்திரையாக இருந்தது மூன்று வருஷம் கழித்து அட்டைக்கு வந்துவிட்டது. எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். பிரகடனம் பாட்டை முந்திக்கொண்டு ஓடுகிற இடங்கள் இதிலும் உண்டு. ஆனால் தலைப்பு ஒரு தீர்மானம். தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ள எல்லா நியாயமும் இருந்த ஒருவர், தன்னை ஒரு உறவுமுறையாகப் போட்டுக்கொண்டார்.

6

நம் சிறுபத்திரிகை வட்டத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எழுபதுகளில் கசடதபறவுக்கும் வானம்பாடிக்கும் நடந்த சண்டை இன்னும் நம்மில் பலருடைய ரத்தத்தில் ஓடுகிறது. ஒரு பக்கம், கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த தனிமனிதனின் பிரக்ஞைதான் நவீனக் கவிதை என்றோம். மறு பக்கம், மக்களின் குரலாகாத கவிதை வெறும் முணுமுணுப்பு என்றார்கள். நான் அந்த முதல் பக்கத்தின் வாரிசு. இன்றும் கோஷத்தைக் கவிதை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தச் சண்டையில் இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டன. ‘நான்’ என்பது எல்லோருக்கும் கைவசம் இருக்கிறது, அதை வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்பதே கேள்வி என்று நினைத்தோம். ‘நான்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமையையே இனிமேல்தான் உண்டாக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குத் தனிமை ஒரு தத்துவப் பிரச்னையாக வந்து சேருமுன் பெயர் ஒரு ஸ்தூலமான பிரச்னையாக இருந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இது புகழுரையாகிவிடும். தனிப்பெயர் எப்போதும் கொடையாக வருவதில்லை. காஸ்ட்லெஸ் கலெக்டிவின் இன்னொரு குரல் இசைவாணி. ஆண்கள் மட்டுமே பாடி வந்த கானாவில் பெயர் பெற்ற பெண். 2020ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றவர். 2018 செப்டம்பரில் வந்த சபரிமலைத் தீர்ப்பை ஒட்டிய காலத்தில், பெண்களின் உரிமை பற்றிக் குழு பாடிய ‘ஐ ஆம் சாரி ஐயப்பா’வை மேடையில் பாடியவர் அவர். 2024 நவம்பரில், அத்தனை வருஷம் கழித்து, அந்தப் பாட்டைக் கிளப்பி வசையும் மிரட்டலும் எழுந்தபோது அவை குழுவை நோக்கிப் போகவில்லை. அவர் ஒருவர் பெயரை நோக்கிப் போயின. எழுதியவர்கள், மெட்டமைத்தவர்கள், பறை அடித்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் பெயரற்றவர்களாகிவிட்டார்கள். புகழ் பங்கிடப்படும்போது அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் போய்விடுகிற பெயர், தண்டனை வரும்போது தனித்தட்டின் அட்டையைப் போல முழு அளவில் முன்னால் வந்து நிற்கிறது. பெண்ணின் பெயரானால் இன்னும் சீக்கிரம்.

குழுவையும் மறந்துவிடுவதற்கில்லை. அறிவு ‘அம்பாசா’ என்று மறுபடி ஒரு வாத்தியக் குழுவைச் சேர்த்துக்கொண்டுதான் மேடையேறுகிறார் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. ஒரு குரல் எத்தனை கூர்மையானாலும் 2018ல் கீழ்ப்பாக்கத்தில் கேட்ட இடைமறிப்புகளை அது தனியே உண்டாக்க முடியாது. தெருக்குரலில் வாதம் கிடைத்தது, சந்தடி போயிற்று. அந்தச் சந்தடியில் ஒரு ஜனநாயகம் இருந்தது. அது போனது நஷ்டம்தான்.

தமிழில் பேரன் என்ற சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்பதால் பெயரன். வழக்கப்படி அது ஆண் வழியில், தந்தையின் தந்தை பெயராக வரும். அயோத்திதாசர் என்ற பேரன் கந்தப்பன் என்ற பாட்டனின் பெயரைத் தன் பத்திரிகையில் எழுதி வைத்தார். அறிவு என்ற பேரன் ஒரு பாட்டியின் பெயரைத் தன் தட்டின் மேல் எழுதியிருக்கிறார். வழக்கம் இங்கே ஒரு அடி நகர்ந்திருக்கிறது. மார்லிக்கு வெய்லர்ஸ் பின்னால் நின்றார்கள். இங்கே பாடகன் தன் பெயரைப் பின்னால் வைத்து, கொழுந்து பறித்த ஒரு கிழவியை முன்னால் நிறுத்துகிறான். இதைத் தனித்தட்டு என்று சொல்லலாமா என்பதே எனக்குச் சந்தேகம்.

வள்ளியம்மாளுக்கு ஒரு பேராண்டி கிடைத்தான். அவரோடு ஒரே லயத்தில் படுத்து, ஒரே மலையில் ஏறி இறங்கி, ஒரே ஒப்பாரியைச் சேர்ந்து பாடிய மற்றப் பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. மண்டபம் முகாமின் பேரேடுகளில் அவற்றில் சில இருக்கக்கூடும், பக்கத்தில் ஒரு ரேகையோடு. கீழ்ப்பாக்கத்து மேடையில் நின்ற பத்தொன்பது பேரின் பெயர்களையாவது, வாத்தியத்தோடு சேர்த்து, நம் பத்திரிகைகளில் ஒன்று ஒரே பக்கத்தில் அச்சிட்டு வைக்கலாம். அதற்கு இன்னொரு எண்பத்தைந்து வருஷம் ஆக வேண்டியதில்லை.